நூறு டாலர் தாத்தாவும் என் சனிக்கிழமை வகுப்பும்

நான் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கேஸ் ஸ்டேஷனில் டேங்க் நிறைவதற்குள் அங்கே வேலை பார்ப்பவரின் சொந்த ஊரையும் முட்டிவலியையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் நான். யாராவது நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் அதை அப்படியே போனில் எழுதி வைத்துக்கொள்வேன். கடைக்காரர் சொன்னது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் சொன்னது, என் மனைவி என்னைத் திட்டியது என்று பல வருடத்துப் பேச்சு அதில் கிடக்கிறது. ஆனால் அந்தக் கோடையில் நடந்ததை நான் எங்கேயும் எழுதவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அப்போது பிரிட்ஜ்வாட்டரில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நூலகத்தின் பின்னறையை இரண்டு மணி நேரத்துக்கு இலவசமாகத் தருவார்கள். பிள்ளைகளோடு இருக்க வந்து, கிரீன் கார்டு வாங்கி, அடுத்ததாக சிட்டிசன் ஆக விண்ணப்பித்திருந்த பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்களை இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது என் வேலை. அதிகாரி இந்த நாட்டின் அரசாங்கம், வரலாறு பற்றிச் சில கேள்விகள் கேட்பார். ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்வார். பிறகு அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல, அதைக் கேட்டு எழுதிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் வரிசையில் உட்காருகிற ஆன்ட்டிக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். வயது அறுபத்திரண்டு. கணவர் இறந்த பிறகு மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டாவது வரை தமிழில் படித்தவர். ஆங்கிலம் பேசினால் முக்கால்வாசி புரியும், பதிலும் சமாளித்துச் சொல்லிவிடுவார். எழுதத்தான் வராது. முதல் நாளே தனக்கு ஏன் சிட்டிசன்ஷிப் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"எங்க ராத்தா, கூடப் பொறந்தவ, ஊர்ல தனியா இருக்கா, தம்பி. ஒரு பக்கம் கை கால் விழுந்துபோச்சு. எனக்கு உம்மா மாதிரி அவ. கார்டை வச்சுக்கிட்டு ஊர்ல ஆறு மாசத்துக்கு மேல தங்குனா திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்ல நிப்பாட்டிக் கேக்குறாங்களாம். சிட்டிசன் ஆயிட்டா எவ்வளவு நாள் வேணும்னாலும் அவகூட இருக்கலாம்ல?"

"தாராளமா இருக்கலாம் ஆன்ட்டி. இந்தியாவுக்குன்னு ஒரு கார்டு வாங்கணும். அதையும் நானே அப்ளை பண்ணித் தர்றேன்."

"அல்லா உங்களுக்கு பரக்கத் தரட்டும்" என்றார். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்து, தயாராக உட்கார்ந்தார்.

அதே மாதம் எங்கள் ஊர்த் தமிழ்க்காரர்கள் சேர்ந்து ஜூலை நான்காம் தேதியை ஒட்டி ஒரு பிக்னிக் ஏற்பாடு செய்தார்கள். இந்த நாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் தமிழில் பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். யாரைப் பற்றி என்று நான் யோசிக்கவே இல்லை. நூறு டாலர் நோட்டில் இருக்கிறாரே, முன்பக்கம் வழுக்கையும் தோள்வரை முடியுமாக, அவர்தான். இரண்டு வருடம்தான் பள்ளிக்கூடம் போனவர். மெழுகுவர்த்தி செய்கிறவரின் மகன். அண்ணனின் அச்சுக்கூடத்திலிருந்து ஓடிவந்து, தானே படித்துத் தானே முளைத்தவர். பேச்சுக்குப் பேர் போனவர், ஜனங்கள் பேசுவதைப் பொறுக்கி அச்சடித்து விற்றவர். டிப்ளமாவோடு நிறுத்திவிட்டு மிச்சத்தையெல்லாம் புத்தகத்திலும் வாயிலும் கற்றுக்கொண்ட எனக்கு, அவரைப் படிக்கப் படிக்க என் பங்காளி ஒருத்தர் முந்நூறு வருடத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டதுபோல இருந்தது. காரில் போகும்போதும் அவரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு போவேன்.

தேர்வுக் கேள்விகளில் அவரைப் பற்றி ஒன்றே ஒன்று உண்டு. அவர் எதற்காகப் புகழ்பெற்றவர், ஒன்று சொல்லுங்கள் என்பது கேள்வி. நாட்டின் முதல் தபால் துறைத் தலைவர் என்றால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் ஏழு சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பெரியவர்களை வைத்து என் பேச்சுக்கு ஒத்திகை பார்த்தேன். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்து, வீட்டுக்கு வந்து திருத்துவேன். மறு வாரம் திருத்தியதைச் சொல்லிப் பார்ப்பேன். என் மனைவிக்கு இது முதல் வாரமே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் நான் சட்டையை இஸ்திரி போடும்போது, "இன்னைக்கு கிளாஸா, டிராமாவா?" என்று கேட்பாள். அதையும் போனில் எழுதிவைத்துக்கொண்டேன்.

அவர் பதினேழு வயதில் பிலடெல்பியாவில் வந்து இறங்கிய கதையை ஒரு வாரம் சொன்னேன். கையில் கொஞ்சம் சில்லறைதான், பசி. பெரிய ரொட்டியாக மூன்று வாங்கி, இரண்டை இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் கடித்துக்கொண்டே தெருவில் நடக்கிறார். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் இந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் அவளையேதான் அவர் கட்டிக்கொண்டார். நான் இரண்டு மார்க்கர் பேனாவை அக்குளில் வைத்து நடந்தே காட்டினேன்.

பின் வரிசையில் ஈரோட்டு அங்கிள் ஒருவர் இருந்தார். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாய்த்துடுக்கு அதிகம். "ஏனுங் தம்பி, ஒரு சந்தேகமுங்க" என்றார். "நாங்க இங்க சிட்டிசன் ஆகறதுக்கு வந்தமுங்களா, இல்ல அந்தாளுக்குப் பேரனாகறதுக்கு வந்தமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். அன்று முதல் அந்த நோட்டில் இருக்கிறவருக்கு எங்கள் வகுப்பில் நூறு டாலர் தாத்தா என்று பெயரானது. அங்கிள் என்னை எச்சரித்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் ஆன்ட்டி சொன்னார்: "ரொட்டியை இடுக்கிக்கிட்டு வந்தவனைப் பாத்து சிரிச்சாள்ல, அதோட உள்ள போயிக் கதவைச் சாத்தியிருக்கணும் அவ."

எனக்கு அது பொக்கிஷம் கிடைத்த மாதிரி இருந்தது. அங்கேயே போனை எடுத்து எழுதிக்கொண்டேன்.

"தம்பி, இன்னைக்கு டிக்டேஷன் உண்டா?" என்று நோட்டை லேசாகத் தட்டினார்.

மணியைப் பார்த்தேன். அறையை ஒப்படைக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. "அடுத்த வாரம் வச்சுக்கலாம் ஆன்ட்டி."

அதற்கு அடுத்த வாரம் தாத்தாவின் மனைவியைப் பற்றிப் பேசினேன். அந்த அம்மாளுக்குக் கடல் பயம், கப்பல் ஏறவே மாட்டாள். அவர் லண்டனுக்குப் போனார். ராஜாங்க வேலை, பெரிய மனிதர்களோடு விருந்து, ஆராய்ச்சி. வருகிறேன் வருகிறேன் என்று கடிதம் எழுதிக்கொண்டே பத்து வருடம் அங்கேயே இருந்துவிட்டார். அவளுக்கு நடுவில் வாதம் வந்தது. அப்போதும் அவர் வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கப்பல் ஏறினார். அவளும் அவருக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தாள், படிப்பு அதிகம் இல்லாததால் எழுத்து அங்குமிங்கும் தடுமாறும் என்று கொஞ்சம் கிண்டலாகச் சொன்னேன். இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வரவில்லை.

ஆன்ட்டி தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தடுமாறினாலும் எழுதிட்டா, இல்லையா?" என்றார்.

"எழுதினாங்க ஆன்ட்டி."

"அப்ப அவ கெட்டிக்காரிதான். எனக்கும் ரெண்டு வாக்கியம் சொல்லுங்களேன் தம்பி, எழுதிப் பாக்குறேன்."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். பாதி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. பரவாயில்லை, அதிகாரிகள் பெரியவர்களிடம் கண்டிப்பாக இருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கவலை வேறு. சிரிப்பு வராத இடத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் கடைசியில் வகுப்புக்குப் பதிலாக எல்லோரையும் வேனில் ஏற்றி பிலடெல்பியா கூட்டிக்கொண்டு போனேன். கல்விச் சுற்றுலா என்று பெயர் வைத்தேன். என் பேச்சுக்குத் தாத்தாவின் கல்லறைப் படம் தேவைப்பட்டது. புளியோதரையும் முட்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தாத்தாவும் அவர் மனைவியும் ஒரே கல்லின் கீழ் இருக்கிறார்கள். வருகிறவர்கள் அந்தக் கல்லின் மேல் ஒரு சென்ட் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஈரோட்டு அங்கிள், "நூறு டாலர்காரருக்கு ஒத்தை சென்ட்டுங்களா" என்றார். ஆன்ட்டி காசு போடவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் அந்தக் கல்லைப் பார்த்தார்.

"இப்ப பக்கத்துல வந்து படுத்து என்னத்துக்கு?" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.

பிக்னிக்கில் என் பேச்சு பிரமாதமாக அமைந்தது. ரொட்டிக் காட்சியில், "அன்றைக்கே சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம் அந்தப் பெண்" என்று நான் சொன்னபோது மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கல்லறையில் முடிக்கும்போது, "இப்போது பக்கத்தில் வந்து படுத்து என்ன பயன்?" என்றேன். உடனே கைதட்டல். இரண்டும் யாருடைய பேச்சு என்று நான் சொல்லவில்லை. ஆன்ட்டி மருமகளோடு மூன்றாவது வரிசையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். முடிந்ததும் ஒரு டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்து, "வாய்ல சர்க்கரை வச்சிருக்கீங்க தம்பி" என்றார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட்டில் நெவார்க்கில் அவருக்கு இன்டர்வியூ. அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகள் மட்டும் டிக்டேஷன் நடத்தினேன், வேகவேகமாக.

இன்டர்வியூ அன்று மதியம் மருமகள் போன் செய்தாள். "அண்ணா, ஃபெயில் ஆயிட்டாங்க. கேள்வி எல்லாம் ஓகே. நம்ம தாத்தா கேள்விகூட வந்துச்சாம். எழுதுறதுலதான். மூணு சென்டென்ஸ் சொன்னாங்களாம், மூணும் வரலை."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி டீ போட்டுக் கொடுத்தார். நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அந்த ஆபீசரம்மா உங்க தாத்தாவைப் பத்திக் கேட்டாவுளா, நான் போஸ்ட் ஆபீஸ்னேன். அதோட நிப்பாட்டியிருக்கலாம். ரொட்டி, லண்டன், பொண்டாட்டி மவுத்தானது எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன். அவ பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டா. இதெல்லாம் எனக்கே தெரியாதேன்னா. அப்புறம் எழுதச் சொன்னா. கை ஓடல."

"டென்ஷன் ஆயிட்டீங்க ஆன்ட்டி."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் பார்த்திருப்பார். "ஆமா தம்பி" என்றார். "டென்ஷன்தான்."

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் எல்லோரிடமும் அதையே சொன்னேன். ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும், டென்ஷன் ஆகிவிட்டார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். வாய்த்துடுக்கான ஈரோட்டு அங்கிள் அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

மறுதேர்வுக்கு அக்டோபர் கடைசியில் தேதி கொடுத்தார்கள். எழுத்து மட்டும்தான். அதற்குப் போகாவிட்டாலோ தேறாவிட்டாலோ விண்ணப்பம் தள்ளுபடியாகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். செப்டம்பர் நடுவில் ஆன்ட்டியின் மகன் கூப்பிட்டான். ஊரில் பெரியம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டார்களாம்.

"அண்ணா, அம்மா உடனே போகணும்னு நிக்கிறாங்க. போனா அந்த டேட்டுக்குத் திரும்ப முடியுமான்னு தெரியலை. தேதியை மாத்தித் தருவாங்களா? நீங்க என்ன சொல்றீங்க? ஸ்பீக்கர்லதான் இருக்கு, அம்மாவும் கேக்குறாங்க."

வக்கீலைக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். போங்கள் ஆன்ட்டி, தேர்வை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் மனிதர் சொல்கிற பதில். எனக்கு அந்த நேரத்தில் வேறு ஒன்று ஓடியது. அவர் தேறிவிட்டால் ஆகஸ்ட்டில் நடந்தது அழிந்துவிடும். நான் டிக்டேஷன் நடத்தாததை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவருடைய ராத்தாவுக்காக நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னும் ஆறு வாரம்தானே ஆன்ட்டி" என்றேன். "முடிச்சுட்டுப் போனா நிம்மதியா அவங்ககூடவே இருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துட்டு விடக்கூடாது."

பிறகு ஆன்ட்டியின் குரல், "தம்பி சொன்னா சரிதான்."

பதினேழாவது நாள் ராத்தா இறந்துபோனார்.

நான் போனபோது வாசல் நிறையச் செருப்புகள். பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி வெளியே வந்து, "வந்துட்டீங்களா தம்பி" என்றார். அங்கே ராத்தாவின் மய்யித்தை அடக்கிவிட்டார்களாம், வீடியோவில் பார்த்தாராம். "உக்காருங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். சமையலறைச் சுவரில் பிள்ளைகளுக்கு வாங்கிய வெள்ளைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஆங்கில வாக்கியங்கள், கோணலாக, ஒரே வாக்கியம் எட்டுத் தடவை. மருமகள் ஆகஸ்ட்டிலிருந்தே தினமும் ஆபீஸ் முடிந்து வந்து அரைமணி நேரம் எழுத வைத்தாளாம். ஐந்து வாரத்தில் ஆன்ட்டிக்கு எழுத்து வந்துவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

அக்டோபரில் அவர் தேறினார். டிசம்பரில் உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு நான் லீவு போட்டு, என் காரில் அழைத்துப் போகிறேன் என்று வலியக் கேட்டேன். மருமகள் பின் சீட்டில் ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். பெரிய ஹால், பல நாட்டுக்காரர்கள், கையில் சின்னக் கொடி. முடிந்ததும் பக்கத்தில் நின்ற வேறு நாட்டு அம்மாவிடம் ஆன்ட்டி என்னைக் காட்டி, "மை டீச்சர்" என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஹைவேயில் நல்ல டிராஃபிக். ஆன்ட்டி சான்றிதழை மடியில் வைத்து, விரலால் தன் பெயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி" என்றேன். "ஆகஸ்ட்ல நீங்க டென்ஷன் ஆகலை. நான் சொல்லித் தரலை. அப்புறம், போக வேண்டாம்னு சொன்னதும்..."

"தெரியும் தம்பி" என்றார். திட்டுகிற குரல் இல்லை. மன்னித்துவிட்டேன் என்கிற குரலும் இல்லை. "ரோட்டைப் பாருங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன். பின் சீட்டில் மருமகள் காதிலிருந்து ஒரு இயர்போனைக் கழற்றினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு ஆன்ட்டி கேட்டார்: "இனிமே ஊர்ல எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம் ஆன்ட்டி. அந்தக் கார்டுக்கு நான் இந்த வாரமே அப்ளை..."

"யாருகூட இருக்க?" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, வழக்கம்போல, டீ குடிச்சுட்டுப் போங்க தம்பி என்றார். உள்ளே போய்க் குடித்தேன். வெள்ளைப் பலகையைத் துடைத்திருந்தார்கள், யாரோ அதில் ஒரு வீடும் சூரியனும் வரைந்திருந்தார்கள்.

வகுப்பை இன்னும் நடத்துகிறேன். வந்து உட்கார்ந்ததும் டிக்டேஷன், ஒரு மணி நேரம். நூறு டாலர் தாத்தா பற்றிய கேள்வி வந்தால், தபால் துறை என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறேன். ஈரோட்டு அங்கிள் சிட்டிசன் ஆகி ஒரு வருடம் ஆகிறது, ஆனாலும் சில சனிக்கிழமைகளில் வந்து பின் வரிசையில் உட்காருவார். போன மாதம், "ஏனுங் தம்பி, கதையே சொல்றதில்லீங்களா இப்பல்லாம்?" என்றார்.

"எழுதுங்க அங்கிள்" என்று அவர் முன்னாலும் ஒரு தாளை வைத்தேன்.